எதிர்மலைப் பிள்ளைக்கு ஒரு சோடிச்சொல்

இந்தப் பாறைக்கு வர்றவங்க எல்லாரும் செய்யிறதைத்தான் நீங்களும் செஞ்சீங்க. காரை ஓரங்கட்டுனீங்க, கையைக் குவிச்சு வாயில வெச்சு எதிர்மலையைப் பாத்து ஓன்னு கத்துனீங்க, திரும்பி ஒரு சத்தமும் வரலைன்னதும் இதெல்லாம் ஒரு மலையான்னு என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போங்க, எனக்கொண்ணும் இல்ல. அந்த மலை பெரியவங்களுக்குப் பதில் சொல்லாது, அவ்வளவுதான், உங்களுக்குன்னு இல்ல, கலெக்டரே வந்து கத்துனாலும் சொல்லாது. இன்னைக்கு வந்ததே நல்லதாப் போச்சு, நாளைக்கு வந்திருந்தா நானே இருந்திருக்க மாட்டேன், அதை நினைச்சுத்தான் விடிஞ்சதுல இருந்து இங்கேயே உக்காந்திருக்கேன். இப்படி உக்காருங்க, ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு, மணி பத்தாகுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

என் பேரு தவமணி. கீழே துருப்பிடிச்ச தகரக்கூரை தெரியுது பாருங்க, அதுதான் நடுக்கானல் தேயிலை எஸ்டேட் அங்கன்வாடி, இப்போ பூட்டிக் கிடக்கு. அங்கதான் எனக்கு ஆயா வேலை, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றது, மூக்கு துடைக்கிறது, முட்டை அவிக்கிறது, கழுவி விடுறது, தூங்க வெக்கிறது, அம்மா அம்மான்னு அழுதா நானும் ஒரு அம்மாதான்டான்னு பொய் சொல்றது. பொய்தான், எனக்குப் பிள்ளை கிடையாது. கட்டுனவரு ஒரு மழைக்காலத்துல கொழுந்து லாரியில தொத்திக்கிட்டு டவுனுக்குப் போனாரு, போனவரு போனவருதான். எஸ்டேட்டுல வரிசையாக் கட்டிக் குடுத்த லைன் வீட்டுல ஒத்தையா இருந்து பழகிட்டேன். பழகிட்டேன்னு சொல்றோமே தவிர அதெல்லாம் யாருக்குப் பழகுது, சாயங்காலம் கதவைத் தொறக்கும்போது உள்ள இருந்து யாராச்சும் கூப்பிட மாட்டாங்களான்னு இன்னைக்கும் காலு ஒரு நொடி வாசல்ல நிக்கத்தான் செய்யுது.

டீச்சர் பேரு ரோஸ்லின், மலைக்குக் கீழ, கீழ்நாட்டுப் பொண்ணு, சின்ன வயசு. அது வந்த பிறகுதான் சோடிச்சொல் விளையாட்டு வந்துச்சு. இந்த வயசுப் பிள்ளைக்கு எழுத்து எதுக்குக்கா, முதல்ல காது தொறக்கட்டும்னு சொல்லும். பாயில ரெண்டு ரெண்டு பிள்ளையா எதிரெதிரா உக்கார வெச்சு, ஒண்ணு கல்லுன்னா இன்னொண்ணு பல்லுங்கணும், ஒண்ணு இலைன்னா இன்னொண்ணு மலைங்கணும், குடைன்னா வடை, சட்டைன்னா முட்டை, வீடுன்னா ஆடு, பதில் சொன்ன பிள்ளை அடுத்த சொல்லைக் கேக்கணும், இப்படியே பாயில ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் சொல்லும் சோடியுமா ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுக்கும் ஆட்டுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்னு ஒரு நாள் கேட்டேன். ஒரு சம்பந்தமும் இல்லக்கா, ஆனா பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சா ரெண்டும் எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாருங்கன்னுச்சு. எனக்கு அது பிடிச்சுப் போச்சு.

விளையாட்டுக்கு ஒரு முறை உண்டு, அதைப் பிள்ளைங்களே உண்டாக்கிக்கிச்சுங்க. பெரியவங்க பதில் சொன்னா செல்லாது. கேட்ட சொல்லுக்குச் சோடி சேக்காம வீட்டுக்குப் போகக்கூடாது, போனா அந்தச் சொல்லு ராத்திரி பூரா பனியில நின்னு இருமிக்கிட்டே இருக்கும். நடுவுல ஒண்ணுக்கு வந்து எந்திரிக்கிற பிள்ளை, இன்னொரு பிள்ளையோட தலையைத் தொட்டு, "என் இடம் உனக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிக்கணும், அப்போதான் அதுக்கு வர வேண்டிய சொல்லை இது வாங்கிக்கலாம், தொடாம ஓடுனா ஆட்டம் அங்கேயே நின்னுபோகும். டவுசர் நனைஞ்சா நனையட்டும்னு ஒரு தலையைத் தேடித் தொட்டுட்டு ஓடுன பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். துவைச்சதும் நான்தான்.

பூனைன்னா எங்க ஊர்ல பானை. இன்னொரு சோடியும் இருக்கு, உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும், ஆனா வாயால சொல்ல மாட்டோம், பெரியவருன்னுதான் சொல்லுவோம், பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு வந்துருவாரு. வந்த புதுசுல டீச்சர் தெரியாம அந்தப் பேரைப் பிள்ளைங்க எல்லாத்தையும் சேந்து சொல்ல வெச்சுருச்சு, மறுநாள் விடிஞ்சு பாத்தா ரேசன் கடைக் கதவு பேந்து கிடக்கு, பருப்பு மூட்டை காலி. அதுக்கப்புறம் டீச்சரும் பானையோட நிறுத்திக்கிச்சு.

அப்படி இருந்த எஸ்டேட் இளைக்க ஆரம்பிச்சுது. பாதித் தேயிலைக் காட்டை அப்படியே விட்டாங்க, மீதிக் காட்டுக்கு மெஷின் வந்துச்சு, ஆளுங்க திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் மூட்டை கட்டுனாங்க. போற பிள்ளை ஒவ்வொண்ணும், யாரும் சொல்லிக் குடுக்கல, ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி அங்கன்வாடிக்கு ஓடி வந்து, மிச்சம் இருக்குற பிள்ளையில ஒண்ணு தலையில கை வெச்சு என் இடம் உனக்குன்னு சொல்லிட்டுப் போச்சு. பெரியவங்க வீட்டைப் பூட்டிட்டுப் போனாங்க, பிள்ளைங்க இடத்தைக் குடுத்துட்டுப் போச்சுங்க. கடைசியா மிஞ்சுனது முத்துராணி மக சுபிக்ஷா ஒருத்திதான், நாங்க சுபின்னு கூப்பிடுவோம். அவ அப்பன் கதிரேசன் அதுக்கு முன்னாடியே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான், ஆத்தாக்காரி மட்டும் கொழுந்தெடுத்துட்டு இருந்தா. போன பிள்ளைங்க இடமெல்லாம் சுபி தலையில, அதனாலயோ என்னவோ அவ கழுத்தை நிமித்தி, தண்ணிக்குடம் தூக்குறவ மாதிரி மெதுவாத்தான் நடப்பா.

ஒத்தைப் பிள்ளைக்குச் சோடிச்சொல் எப்படிச் சொல்லிக் குடுக்குறது. டீச்சர் எதிர்ல பொம்மையை உக்கார வெச்சுப் பாத்துச்சு, கண்ணாடியை நிறுத்திப் பாத்துச்சு. சுபி கல்லுன்னு சொல்லிட்டுக் காத்துக்கிட்டே இருப்பா. பாக்கப் பொறுக்காம நான் அடுப்படியில இருந்து பல்லுன்னு மெதுவாச் சொன்னா, "ஆயாம்மா, நீ பெரியவ, செல்லாது"ன்னு திரும்பிப் பாக்காமலே சொல்லுவா. ஒரு நாள் பத்து மணிப் பால் குடிச்சு முடிச்சு, டம்ளரை வெச்சுட்டு, ஜன்னல்கிட்டப் போய் எதிர்மலையைப் பாத்துக் கோவமா மழைன்னு கத்துனா. எதிர்மலையில இருந்து தழைன்னு வந்துச்சு.

எதிரொலி இல்லைங்க, எதிரொலின்னா சொன்னதைத்தானே சொல்லும். இது வேற பிள்ளைக் குரலு, சளி கட்டுன தொண்டை. டீச்சர் என்னைப் பாத்துச்சு, நான் டீச்சரைப் பாத்தேன். சுபி எங்க ரெண்டு பேரையும் பாக்கல, ஜன்னலடியில சம்மணம் போட்டு உக்காந்து, "இப்போ நீ கேளு"ன்னா. மலை கிளின்னுச்சு, இவ துளின்னா, இவ தேன்னு கேட்டா, அது மீன்னுச்சு. அடுப்புல முட்டை வெந்துருச்சு, நான் இறக்கி வெக்கப் போயிட்டேன்.

அந்த மலை ஒன்பதாம் நம்பர் காடு, எப்பவோ கைவிட்ட காடு, தேயிலைச் செடி மரமா வளந்து நிக்குது, அங்க வீடு கிடையாது, ஆளு கிடையாது. அப்போ அது யாரு பிள்ளைன்னுதானே கேக்குறீங்க, வெளியில இருந்து வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எங்க ஆளுங்க கேக்கல. பிள்ளைன்னு ஆனதுக்கப்புறம் அது சாப்பிட்டுச்சா, இந்தக் குளிருக்கு என்ன போட்டிருக்குன்னுதான் கேட்டாங்க. சுபிக்கு முட்டை அவிக்கிற அன்னைக்கு அதுக்கும் ஒண்ணு அவிச்சு இந்தப் பாறை மேல வெச்சேன், மறுநாள் ஓடு மட்டும் கிடக்கும். இதெல்லாம் குரங்கு வேலைன்னு சங்கிலி மேஸ்திரி சொல்லுவாரு, சொல்லிட்டு, உப்பு வெச்சியா தவமணி, உப்பில்லாம பிள்ளை எப்படித் திங்கும்னு அவரே கேப்பாரு. கொழுந்துக்காட்டுப் பொம்பளைங்க ஆளுக்கொரு கலர் நூல் குடுத்து ஒரு ஸ்வெட்டர் பின்னி அந்தக் காட்டு வேலி மரத்துல மாட்டிட்டு வந்தாங்க, அளவு தெரியாமப் பின்னுனதுல ஒரு கை நீளமாப் போச்சேன்னு எத்தனையோ நாளு புலம்புனாங்க. காலையில வேலைக்குப் பேரு கூப்பிடும்போது, மேஸ்திரி கடைசிப் பேரைக் கூப்பிட்டு முடிச்சு, எதிர்மலையைப் பாத்துக் கொஞ்ச நேரம் வாயைத் தொறக்காம நிப்பாரு, பேரு தெரியாத பிள்ளைக்கு அதுதான் பேரு. பத்து மணி ஆனா காடு பூரா கை நின்னுபோகும், கூடையை இறக்கி வெச்சுட்டு மழை தழை, கிளி துளின்னு கேட்டுக்கிட்டு நிப்பாங்க, டவுனுக்கு அனுப்புன அவங்கவங்க பிள்ளை ஞாபகத்துல மூக்கைச் சிந்திக்கிட்டே திரும்பவும் கிள்ள ஆரம்பிப்பாங்க.

ஆபீஸ்ல இருந்து சூப்பர்வைசர் அம்மா வந்தாங்க. ஒத்தைப் பிள்ளைக்கு ஒரு அங்கன்வாடி நடத்த முடியாதுன்னாங்க. சங்கிலி மேஸ்திரி துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முன்னால வந்து, "ஒண்ணு இல்லைங்கம்மா, ரெண்டு, இன்னொண்ணு எதிர்ல இருக்கு"ன்னாரு. அந்தம்மா நல்ல மனுசி, சிரிக்கல, முழுசாக் கேட்டாங்க. கேட்டு முடிச்சு, "சரி, எடை போட்டீங்களா? எடை இல்லாம ஒரு பிள்ளையை நான் எப்படிச் சேக்குறது?"ன்னாங்க. சுபி உடனே ஜன்னல்ல ஏறி எடைன்னு கத்துனா. மலை வடைன்னுச்சு. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போடுறேன் ரோஸ்லின், அதுக்கு மேல என் கையில இல்ல"ன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறுனாங்க. ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட, ராத்திரியில அது எங்க படுத்துக்கும்னு கேட்டாங்க.

அந்தம்மா தள்ளிப் போட்டதெல்லாம் வீணாப் போச்சு, கதிரேசன் திருப்பூர்ல வீடு பாத்துட்டான். நான் முத்துராணிகிட்டச் சண்டைக்கே போயிட்டேன்.

"அந்தப் புள்ளைய ஒத்தையில விட்டுட்டு எப்படிடி போவ?"

"எந்தப் புள்ளையக்கா? எம்புள்ளைதான் இங்க ஒத்தையில கெடக்கு. ஒரு மலைகூடப் பேசிட்டு எத்தனை நாளுக்கு இருக்கும்? அங்க தெரு நெறைய புள்ளைங்க இருக்காம். எனக்கும் அந்த மனுசன் முகத்தப் பாத்துச் சோறு போடணும்னு இருக்காதா?"

நியாயந்தானே. விட்டுட்டுப் போன மனுசனை நினைச்சு இன்னைக்கும் வாசல்ல நிக்கிறவ நான், எனக்குத் தெரியாததா.

ஜீப்பு வந்த அன்னைக்கு மழை இறங்குற மாதிரி இருந்துச்சு. டிரைவர் அவசரப்படுத்துறான், முத்துராணி பொட்டியை ஏத்துறா, மிச்சம் இருந்த ஆளுங்க எல்லாரும் ரோட்டோரத்துல நிக்கிறோம். பத்து மணிக்கு மலை பூனைன்னு கேட்டுச்சு. சுபி வாயைத் தொறக்குறதுக்குள்ள ஹார்ன் அடிச்சான் பாருங்க, அவளுக்குச் சொல்லு தொண்டையிலேயே நின்னுபோச்சு. முத்துராணி ஒரு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறா, இந்தப் பிள்ளை இன்னொரு கையை மேல தூக்கி, போற வழியில நிக்கிற ஒவ்வொருத்தர் முன்னாலயும் எக்கி எக்கி எதையோ துழாவுது. டாட்டா காட்டுறான்னு நினைச்சு நாங்களும் கையை ஆட்டுனோம். டீச்சர் நின்னுச்சு, மேஸ்திரி நின்னாரு, நான் நின்னேன். ஒருத்தரும் குனியல.

மறுநாள் பத்து மணிக்கு மலை பூனைன்னுச்சு. அதுக்கு மறுநாளும் பூனைன்னுச்சு. வேற சொல்லு இல்ல, அதே சொல்லு, கேட்டுட்டுக் காத்துட்டு இருக்கும், அப்புறம் சத்தம் அடங்கிப் போகும். டீச்சர் ஜன்னல்ல நின்னு பானைன்னு கத்திப் பாத்துச்சு, பலிக்கல. கொழுந்துக்காட்டுப் பொம்பளைங்க எல்லாரும் சேந்து பானை பானைன்னு மலை அதிரக் கத்துனாங்க. சங்கிலி மேஸ்திரி ஒரு பழைய பானையையே கொண்டு போய் வேலி மரத்தடியில வெச்சுட்டு வந்தாரு. கடைசியில ஊரு கூடிப் பேசி, பட்டப்பகல்ல, எல்லாரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, அந்த இன்னொரு சோடியையும் சொல்லியே பாத்தோம். மலை வாயைத் தொறக்கல. பெரியவருதான் வந்தாரு, கூப்பிட்டதுக்கு மரியாதையா வந்து ரோட்டு மேல கொஞ்ச நேரம் நின்னாரு, என்ன விசயம்னு கேக்குற மாதிரி எங்களைப் பாத்தாரு, ஒண்ணையும் தொடாமத் திரும்பிப் போயிட்டாரு. மலைக்குரல் மட்டும் நாளுக்கு நாளு கம்மிக்கிட்டே வந்துச்சு, பனியில நின்ன குரலாச்சே. அங்கன்வாடியைப் பூட்டுனாங்க, டீச்சரை வேற ஊருக்கு மாத்துனாங்க, பாதிப் பேரு பத்து மணிக்குக் காதை மூடிக்கிட்டாங்க. நான் மூடல. பதில் சொல்ல முடியலைன்னாலும் கேக்கவாச்சும் ஒரு ஆளு வேணாமா.

ஒரு நாள் முத்துராணி நம்பருக்குப் போன் போட்டேன். எங்க எஸ்டேட்ல இந்தப் பாறையில மட்டுந்தான் டவர் கிடைக்கும். அவ அழுதுட்டா. "அக்கா, இவ வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசலக்கா. தெருப் புள்ளைங்க வெளையாடக் கூப்பிட்டாலும் கழுத்த நிமித்திக்கிட்டு அப்படியே நிக்கிறா. டாக்டர்கிட்டக் காட்டுனோம், ஒண்ணுமில்லைங்குறாரு." போனை சுபி காதுல வைன்னேன். என் போன்ல ஸ்பீக்கரைப் போட்டு மலைப் பக்கம் நீட்டிப் பிடிச்சுக்கிட்டேன். பத்தாச்சு. மலை, தேஞ்சு போன குரல்ல, பூனைன்னுச்சு.

போன்ல சுபி குரல் கேட்டுச்சு.

"ஆயாம்மா, நான் இடம் குடுக்கவே இல்ல. யார் தலையும் எட்டல."

எனக்கு அப்போதான் புரிஞ்சுது அந்தக் கை எதைத் தேடுச்சுன்னு. "இப்போ குடுடி கண்ணு"ன்னேன்.

"நீ பெரியவ."

"பெரியவதான். ஆனா இங்க வேற தலை இல்லையே சாமி."

"நின்னுட்டு இருக்கியா?"

"ஆமா."

"உக்காரு. உக்காந்து போனைத் தலையில வை."

பாறையில சம்மணம் போட்டு உக்காந்து போனை உச்சந்தலையில வெச்சேன். என் இடம் உனக்குன்னா. தர்ஷன் இடம் உனக்கு, நிவேதா இடம் உனக்கு, ஜெபின் இடம், ரோஜாப் பாப்பா இடம், முன்னாடி போன பிள்ளைங்க அத்தனை பேரையும் ஒண்ணு விடாமச் சொன்னா, சொல்லச் சொல்ல என் தலையில பாரம் ஏறி ஏறி நான் கழுத்தை நிமித்திக்கிட்டேன். அந்தப் பக்கம் அவ மூச்சு விட்டது கேட்டுச்சு, பட்டுன்னு போன் எங்கேயோ விழுந்துச்சு, அம்மா நான் விளையாடப் போறேன்னு கத்துற சத்தம், திமுதிமுன்னு ஓடுற சத்தம், தெருப் பிள்ளைங்க இரைச்சல். கட் பண்ண மனசு வராமக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் மலையைப் பாத்துப் பானைன்னு சொன்னேன், கத்தல, பக்கத்துல இருக்குற பிள்ளைகிட்டச் சொல்ற மாதிரிதான் சொன்னேன்.

மலை சும்மா இருந்துச்சு. பதில் சொன்னவதானே அடுத்துக் கேக்கணும், எனக்கு அது தோணவே இல்ல, காத்துட்டு இருக்குன்னு புரியவே நேரமாச்சு. வாயில வேற ஒண்ணும் வரல, வீடுன்னேன். மலை ஆடுன்னுச்சு. அப்படியே உக்காந்து அழுதேங்க, எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

அன்னையில இருந்து தினமும் பத்து மணிக்கு இங்க வந்துருவேன். சுபி இப்போ பள்ளிக்கூடம் போறா, போன்ல அவ சிநேகிதி பேரையே சொல்லிட்டு இருக்கா, ஆட்டமெல்லாம் மறந்தே போச்சு, மறக்கட்டும், பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கணும். சங்கிலி மேஸ்திரி போன மழைக்குச் செத்துப் போனாரு, மத்தவங்க ஒவ்வொருத்தரா இறங்கிப் போயிட்டாங்க, கடைசி லைன் வீடு என்னுதுதான். அதையும் இடிக்கப் போறாங்களாம், நாளைக்குக் காலையில ஜீப்பு வருது, பொள்ளாச்சியில தங்கச்சி மக வீட்டுக்குப் போறேன். சாமான் எல்லாம் கட்டியாச்சு. இந்தத் தலையில இருக்குறதை மட்டும் எங்க இறக்கி வெக்கிறதுன்னுதான் தெரியல. இடம் குடுக்காமப் போனா அது திரும்பவும் ஒத்தைச் சொல்லைச் சொல்லிக்கிட்டுப் பனியில நிக்கும், அங்க பொள்ளாச்சியில என் தொண்டையிலயும் சொல்லு நிக்கும். எனக்காச்சும் வயசாச்சு, அது பிள்ளை.

கார் சாவியைக் கையில எடுத்துட்டீங்க. நேரமாச்சுதான், தெரியுது. தினமும் வரணும்னு சொல்லலைங்க, டவர் இருக்கு, என் போனை இந்தப் பாறைப் பொந்துல வெச்சுட்டுப் போனா நீங்க ஊர்ல இருந்தே கூப்பிட்டுப் பதில் சொல்லலாம்னு நினைச்சேன், சார்ஜ் இறங்குனா போட ஆளில்ல, அதெல்லாம் நடக்காதுன்னு எனக்கும் தெரியும். நடக்குறது ஒண்ணுதான். நீங்க ஊருக்குப் போனா அங்க பிள்ளைங்க இருக்கும், உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ, அதுல ஒண்ணு தலையைத் தொட்டுக் குடுத்துருங்க, பிறகு அதுவாச்சு மலையாச்சு. தூரமெல்லாம் அதுக்குப் பெரிசில்ல, திருப்பூர் வரைக்கும் போன குரல்தானே.

நீங்க பெரியவங்கதான். நான் மட்டும் என்னவாம். இதோ, மணி பத்தாகப் போகுது, இன்னும் கொஞ்ச நேரத்துல கேட்டுரும்.

நிக்காதீங்க, எனக்கு எட்டல. தலையைக் கொஞ்சம் குனிங்க.